தோட்டத்து உருப்படிகளின் (கோழி, மாடு, ஆடு) குணம்: பார்த்து வைத்தவர்கள் ஊர்ப்பெயரில் சொல்லலாம்

பெருந்துறை:
அடைக்கோழியையும் (முட்டைமேல் அடைகாக்க உட்காரும் கோழி) சீக்குக்கோழியையும் பிரித்துப் பார்க்கத் தெரியணுங்க. ரெண்டும் மூலையில் குந்தும், ரெண்டும் தீனியைக் குறைக்கும். அடியில் கை விட்டால் அடைக்கோழி சிலிர்த்துக்கொண்டு உறுமும், கொத்தும். அடிவயிற்றில் இறகு உதிர்ந்து தோல் சூடாக இருக்கும். சீக்குக்கோழிக்கு அந்த ரோசம் இருக்காது. கண்ணை மூடியபடி தூங்கி வழியும். அடைக்கோழி நாளுக்கு ஒரு தடவை இறங்கி, நாத்தத்தோடு பெரிய எச்சமாக ஒரேடியாகப் போட்டுவிட்டு, கால் மணி, இருபது நிமிஷத்தில் திரும்பிவிடும். அதைப் பார்த்துக் கழிச்சல் என்று மருந்து ஊற்றிவிடாதீங்க.

சில கோழி இறங்கவே இறங்காது. அதைக் கையால் தூக்கி இரையும் தண்ணியும் காட்டணும். 10, 12 முட்டைக்கு மேல் வைத்தால் ஓரத்து முட்டை குளிர்ந்து கெட்டுப்போகும். 7ஆம் நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்க. சிவப்பு நரம்பு ஓடாத முட்டையை எடுத்துவிடலாம். பக்கத்துப் பக்கத்தில் ரெண்டு அடை வைத்தால் கூடை மாறி உட்காரும், நடுவில் தடுப்பு வேணும்.

அடை தெளியவைக்க, அதாவது அடை உட்காருவதை நிறுத்த, மூக்கில் இறகு குத்துவது, தண்ணியில் முக்குவது எல்லாம் வதைதான். கம்பிவலை அடித்தளம் போட்ட கூண்டை ஒரு அடி உயரத்தில் வெளிச்சமான இடத்தில் வையுங்க. வைக்கோல் போடக்கூடாது; தீனியும் தண்ணியும் வழக்கம்போல. அடிவயிற்றில் காற்றுப் பட்டால் மூணு நாலு நாளில் தெளியும்.

அந்தியூர்:
சேவல் சத்தத்துக்குக் காது கொடுங்க. மேலே பருந்து தெரிந்தால் மெலிசாக ஒரே இழுப்பு. கோழிகள் சத்தமில்லாமல் கிளுவை வேலிக்குள் பதுங்கும். நாயோ கீரியோ வந்தால் விட்டுவிட்டு உரத்துக் கத்தும். அப்போது எல்லாம் தலையைத் தூக்கி நிற்கும். இரை கண்டால் மண்டையை ஆட்டி, கொத்திக் கொத்திக் கீழே போட்டுப் பொட்டைகளைக் கூப்பிடும். இரை இல்லாமலே அப்படிக் கூப்பிடுகிற கள்ளச் சேவலும் உண்டு! நாலு தடவை ஏமாந்த கோழி அப்புறம் திரும்பியும் பார்க்காது.

சந்தையில் வாங்கின வெடக்கோழியை (இளம் பொட்டைக்கோழி) பகலில் கூட்டத்தில் விட்டால் கொண்டை கிழியும். முதலில் ரெண்டு வாரம் தூரத்தில் தனியாக வையுங்க, வெள்ளைக்கழிச்சல் என்கிற தொற்றுநோய்ப் பயம் இருக்கு. அப்புறம் ஒரு வாரம் வலைக்கு அந்தப்பக்கம் முகம் பார்க்க விட்டு, இருட்டினபின் கொடாப்பில் (கோழி அடையும் கூடு) சேர்க்கணும். காலையில் கொஞ்சம் கொத்திக்கொள்ளும், அது முறை தெரிந்துகொள்வது. ரத்தம் வந்தால் மட்டும் உடனே பிரிங்க. சிவப்பைக் கண்டால் மற்றதும் கூடிக் கொத்தும். தீனித்தட்டு ரெண்டு இடத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் கடைசிக் கோழிக்குப் பட்டினி.

காங்கேயம்:
மாட்டைப் பத்தி ஒண்ணு. காங்கேயம் இனக் கன்று செவலையாகப் பிறக்கும், ஆறு மாசத்தில் வெளுக்கும். கலப்போ என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். கன்று முட்டாமல் பால் விடாதது முரண்டு இல்லைங்க. புது ஆள், நாய், அதட்டல் எதுவானாலும் மாடு மிரண்டு சுரப்பை அடக்கிவிடும். கன்றை ஊட்டவிட்டு, மடியில் பால் இறங்கினதும் 5 முதல் 7 நிமிஷத்துக்குள் கறந்துவிடணும். தாமதித்தால் மிச்சம் மடியிலேயே நிற்கும்.

தாராபுரம்:
செம்மறி குட்டியைச் சேர்க்காமல் முட்டித் தள்ளினால் பெரும்பாலும் நம்ம கைதான் காரணம். ஈன்ற உடனே துணியால் துடைக்காதீங்க, தாய் நக்கட்டும். அந்த வாசனையில்தான் அது தன் குட்டியை அறியும். மூக்கையும் வாயையும் மட்டும் வழித்துவிட்டால் போதும். சீம்பால் முதல் ரெண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போகணும். அப்படியும் சேர்க்காவிட்டால் தாயையும் குட்டியையும் சின்னத் தடுப்பில் ஒண்ணாக அடைத்து, தாயைப் பிடித்துக்கொண்டு ஊட்டவிடுங்க.

பெருந்துறை:
அண்ணா, கினிக்கோழி காவலுக்கு ஆகுமா?

தாராபுரம்:
ஆகுமுங்க, பாம்பு தெரிந்தாலும் ஊரைக் கூட்டும். ரெண்டு அசையில் கத்தினால் பொட்டை. ஒத்தைச் சத்தம் சேவல், பொட்டை ரெண்டும் போடும். முட்டையைக் கோழியிடம் அடை வைக்கலாம், ஆனால் கோழிமுட்டையோடு கலக்காதீங்க. கினி பொரிய 26 முதல் 28 நாள் ஆகும்; 21இல் தன் குஞ்சு வந்ததும் கோழி எழுந்து போய்விடும். வாங்கி வந்ததை ஒரு மாசம் கூண்டிலேயே அடைத்து, சாயங்காலம் அங்கேயே கம்புத் தானியம் போட்டுப் பழக்குங்க. பழக்காமல் விட்டால் ராத்திரி வேப்பமரத்தில்தான் அடையும், இறக்க முடியாது.