ஏற்றமா, பெயர்ப்பா? அளவைப் புத்தகத்தைக் கணினிக்குக் கொண்டுபோவதற்கு ஒரு சொல்

அனைவருக்கும் வணக்கம்.

சேர்வேயர் வெளியில் எழுதிக்கொண்டு வரும் அளவுகளைக் கந்தோரில் இருக்கும் ஒருவர் ஒவ்வொன்றாகப் பார்த்து ஓட்டோகாட் சிவில் 3டி என்ற வரைபட மென்பொருளுக்குள் கையால் தட்டுகிறார். அந்த வேலைக்குத் தமிழில் என்ன பெயர் என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். சென்னை நண்பர் 'புல அளவீட்டு உள்ளீடு' என்றார், கண்டி ஐயா 'களப் பதிவு' என்றார். நான் இருபது வருடமாக அந்தக் கதிரையில் இருக்கிறவன். இரண்டு சொல்லும் எனக்கு இடறுகின்றன.

முதலில் 'புலம்'. தமிழ்நாட்டில் புல எண், புலப்படம் என்றால் அது வருவாய்க் கணக்கில் உள்ள ஒரு நிலத்துண்டு. எங்களுக்கு அது காணித்துண்டு. ஆக 'புல அளவீடு' என்பதை அங்கே அந்தத் துண்டின் அளவு என்று வாசிப்பார்கள், இங்கே ஒன்றுமே விளங்காது. 'பதிவு' இதைவிடச் சிக்கல். கொழும்பில் காணிக் கதையில் பதிவு என்று வாயெடுத்தால் உறுதியைக் காணிப் பதிவகத்தில் பதிவதுதான். பிம்சவிய என்ற காணி உரித்துப் பதிவுத் திட்டம் வந்தபின், 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி உரித்தைப் பதிவதும் சேர்ந்துவிட்டது. போதாக்குறைக்கு, சேர்வேயர் வெயிலில் நின்று புத்தகத்தில் எழுதுவதும் பதிவுதானே. நமக்கு வேண்டியது அதற்குப் பிறகு, மின்விசிறிக்குக் கீழே நடக்கிற வேலைக்கான சொல்.

'உள்ளீடு' பிழையான சொல் அல்ல. பெயரை அடித்தாலும் உள்ளீடு, கடவுச்சொல்லை அடித்தாலும் உள்ளீடு. இந்த வேலையில் மட்டும் வரும் வில்லங்கம் அந்தச் சொல்லில் இல்லை, அதுதான் என் குறை. வில்லங்கம் எதுவென்று தெரியாதவர்களுக்காக மூன்றைச் சொல்கிறேன்.

புத்தகத்தில் 123 பாகை 45 கலை 30 விகலை என்று இருக்கும். மென்பொருளில் அதை 123.4530 என்று அடிப்போம். புள்ளிக்குப் பின்னால் முதல் இரண்டு இலக்கம் கலை, அடுத்த இரண்டு விகலை. அமைப்பு தசமப் பாகையில் இருந்தால் அதே எண் 123 பாகை 27 கலை 11 விகலை ஆகிவிடும். கணினி மூச்சே விடாது. நூறு மீற்றர் தள்ளியிருக்கும் எல்லைக்கல் அரை மீற்றருக்கு மேல் நகர்ந்திருக்கும். பேர்ச் என்ற சின்னப் பரப்பளவுக் கணக்கில் காணி விற்கும் ஊரில் அரை மீற்றர் என்றால் அயலவரோடு வழக்கு.

அடுத்தது ஆள்கூறு. இலங்கையின் எஸ்எல்டி99 ஆள்கூற்று முறையில் பிதுருதலாகல மலையை நடுவாக வைத்துக் கிழக்குக்கும் வடக்குக்கும் 500,000 மீற்றர் கொடுத்திருக்கிறார்கள். வெள்ளவத்தையில் ஒரு புள்ளி என்றால் கிழக்கு ஏறத்தாழ 399,000, வடக்கு 486,000. புத்தகத்தில் கிழக்கு முன்னால் இருக்கிறது, கோப்பு வடிவம் வடக்கை முன்னால் கேட்கிறது. மாற்றிப் போட்டால் வெள்ளவத்தைக் காணி மாத்தறை மாவட்டத்துக்குள் போய் இருக்கும். இது நல்ல பிழை, படத்தைத் திறந்ததும் தெரிந்துவிடும்.

கெட்ட பிழை, நிலத்தின் உயரத்தை அளக்கும் மட்ட அளவையில்தான். முன்பு வேலை செய்த ஒரு கந்தோரில் நானே செய்தேன். பொடியன் ஒருவன் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு வாசிப்பான், "ஒண்டு தசம் நாலு எட்டு அஞ்சு" என்று, நான் தட்டுவேன். பென்சில் எழுத்து, மழை நனைத்த தாள். 1.485ஐ 1.845 என்று தட்டிவிட்டேன். கருவியை ஓரிடத்தில் வைத்ததும் எடுக்கும் முதல் வாசிப்பு பின்னோக்கு, அங்கிருந்து தூக்குமுன் எடுக்கும் கடைசி வாசிப்பு முன்னோக்கு. பின்னோக்குகளின் கூட்டலில் முன்னோக்குகளின் கூட்டலைக் கழித்துப் பார்த்தேன், கடைசி மட்டத்துக்கும் முதல் மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தோடு பொருந்தியது. பொருந்தாமல் என்ன செய்யும்? நான் பிழைவிட்டது இடைநோக்கில், அந்த இரண்டுக்கும் நடுவில் எடுக்கும் வாசிப்பில். இடைநோக்கு அந்தச் சோதனைக்குள் அகப்படாது. சமவுயரக் கோடு போட்டபோது காணியின் நடுவில் 36 சென்ரிமீற்றர் பள்ளம். அதை நிரப்ப மண் எவ்வளவு வேண்டும் என்றுகூட ஒருவர் கணக்குப் பார்த்துவிட்டார். பிறகுதான் மூத்த வரைஞர் ஒருவர் 360 மில்லிமீற்றரைப் பார்த்துவிட்டு, "ஒன்பதால பிரிபடுதே தம்பி, இலக்கம் இடம்மாறியிருக்கு" என்றார். புறக்கோட்டைக் கடைகளில் கணக்கெழுதியவர்களுக்குத் தெரிந்த பழைய உபாயம் அது. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம்மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும்.

இனிச் சொல்லுக்கு வருவோம். எங்கள் கந்தோரில் இந்த வேலையை 'ஏத்துறது' என்போம். "அந்தப் புத்தகத்தை ஏத்திப்போட்டியோ?" உயிரோடிருக்கிற சொல், அதையே எடுத்து 'கையேற்றல்' என்று வைக்கலாம் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அரசாங்கக் கடிதங்களில் கையேற்றல் என்றால் பொறுப்பெடுத்தல். 'காணி அளவைக் கையேற்றல்' என்று ஒரு தலைப்பைக் கண்டால் எங்கள் சனம் காணி போய்விட்டதென்று நினைக்கும்.

'ஏட்டேற்றம்' என்றால்? அதற்கும் தடை உண்டு. மட்டப் புத்தகத்தின் நிரல்களைப் பாருங்கள்: பின்னோக்கு, இடைநோக்கு, முன்னோக்கு, ஏற்றம், இறக்கம். ஒரே தாளில் ஏற்றம் என்பது நிலம் உயர்வது. கணினிக்காரர் ஏற்கெனவே தரவேற்றம், தரவிறக்கம் என்று அந்தச் சோடியை எடுத்துக்கொண்டார்கள். "ஏற்றம் பிழை" என்று ஓரத்தில் எழுதினால் நிலம் பிழையா, தட்டியவர் பிழையா?

ஆகவே என் முன்மொழிவு 'ஏட்டுப்பெயர்ப்பு', வினை 'பெயர்த்தல்'. மொழிபெயர்ப்பு போல, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவது, போகும் வழியில் எதுவும் சிந்தலாம் என்ற எச்சரிக்கையும் அதற்குள் இருக்கிறது. ரோட்டல் ஸ்ரேசன் (total station) என்ற மின்னணு அளவைக் கருவியிலிருந்து நேராகக் கோப்பாக வருவதற்கு இந்தச் சொல் வேண்டாம், அங்கே ஏடும் இல்லை, கையும் இல்லை.

— வெள்ளவத்தையிலிருந்து

* * *

வணக்கம் சார். 'புலம்' பற்றிச் சொன்னது சரி, என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஏற்றம்/இறக்கம் மோதலை நான் யோசிக்கவே இல்லை. ஆனால் இங்கே தாலுகா அலுவலகத்தில் 'பெயர்' என்றாலே பட்டாவில் பெயர் மாற்றுவதுதான். 'பெயர்த்தவர்' என்று படிவத்தில் போட்டால் எல்லைக்கல்லைப் பெயர்த்தவர் யார் என்று கேட்பார்கள்! ஏட்டுச் சுரைக்காய் கிண்டலும் நிச்சயம் வரும். 'படியெடுத்தல்' போதாதா?

— சென்னையிலிருந்து

* * *

தம்பி, கல்லைப் பெயர்த்தவர் நல்ல பகிடி. எனக்குத் தோன்றாமல் போய்விட்டது.

படியெடுத்தல் ஒத்து வராது. படி என்றால் மூலத்தைப் போலவே இருக்க வேண்டும். இங்கே 45 கலை 30 விகலை என்பது .4530 ஆகிறது, நிரல் வரிசை மாறுகிறது, சில வேளை சங்கிலி, இணைப்பு என்ற பழைய நீள அளவுகள் மீற்றராகின்றன. பழைய வரைபடம் ஒன்றை எடுத்தால் ஒரு சங்கிலி 66 அடி, 20.1168 மீற்றர் என்று பெருக்கித்தான் தட்ட வேண்டும். உரு மாறுகிற வேலை, ஆகவே பெயர்ப்புத்தான்.

படிவத்தில் 'பெயர்த்தவர்' வேண்டாம், 'ஏட்டுப்பெயர்ப்பு செய்தவர்' என்று முழுதாகப் போடலாம். கீழே 'ஒப்புப் பார்த்தவர்'. அது கட்டாயம் வேறொரு ஆளாக இருக்க வேண்டும். திங்கட்கிழமை எங்கள் கோப்புறைகளின் முகப்புத் தாளில் இந்த இரண்டு வரியையும் அச்சடித்து வைத்தேன். நேற்று முதலாவது தாள் திரும்பி வந்தது. பொடியன் முதல் வரியில் பென்சிலால் எழுதியிருக்கிறான்: "ஏத்தினது நான்."

— வெள்ளவத்தையிலிருந்து