தாழப் பறக்கிற விமானம் ராடரில ஏன் பிந்தித் தெரியுது?

கேள்வி: பருத்தித்துறை மாதிரித் தட்டையான கரையில, 25 மீற்றர் கோபுரத்தில எஸ்-பாண்ட் (அலை நீளம் ஏறக்குறைய 10 சென்ரிமீற்றர்) தேடல் ராடர் ஒண்டு நிக்குது எண்டு வைப்பம். 250 கிலோமீற்றர் வீச்சு எண்டு சொல்லுற கருவி, 100 மீற்றர் உயரத்தில வாற சின்ன விமானத்தை ஏன் அவ்வளவு தூரத்தில பிடிக்காது?

பதில் 1: பூமியின்ர வளைவுதான் காரணம். ரெண்டு உயரத்துக்கும் (மீற்றரில) வர்க்கமூலம் எடுத்து, கூட்டி, 4.12ஆல பெருக்குங்கோ. 5 + 10 = 15; கிட்டத்தட்ட 62 கிலோமீற்றர். அதே விமானம் 3000 மீற்றரில வந்தால் 246. சக்தியைக் கூட்டி இதை மாத்தேலாது. கோபுரத்தை நாலு மடங்கு உயர்த்தினாலும் 82தான். அதாலதான் ராடரை விமானத்தில ஏத்துறாங்கள்.

பதில் 2: அண்ணா சொன்னது சரி, ஆனால் 62க்குள்ள வந்தாப் பிறகும் தவறலாம். அலை நீளம் 10 சென்ரிமீற்றர், ராடர் செக்கனுக்கு 1000 துடிப்பு (விட்டு விட்டு அனுப்புற குறுகிய அலை) அனுப்புது எண்டால், ராடரை நோக்கி மணிக்கு 180 கிலோமீற்றரில வாற பொருள் ஒவ்வொரு துடிப்புக்கும் சரியாய் அரை அலை நகரும். போய்வாற தூரம் ஒரு முழு அலையால மாறுறதால, எதிரொலியின்ர கட்டம் (அலை ஏற்ற இறக்கத்தில எந்த இடத்தில நிக்குது எண்டது) மாறாது. அசையாத பொருள்களை நீக்கிற வடிகட்டி, இதையும் அசையாதது எண்டு வெட்டிவிடும். சிறு விமானங்கள் பறக்கிற வேகமே கிட்டத்தட்ட அதுதான், கவனிக்க வேண்டிய இடம். துடிப்பு இடைவெளியை மாத்தி மாத்தி அனுப்பினால் தப்பாது.

கேள்வி கேட்டவர்: அப்ப கடல் அமைதியான நாளில தூரத்துக் கரை ராடரில கிட்டத் தெரியிறது ஏன்?

பதில் 2: கடலுக்கு மேல ஈரக்காத்துப் படை அலையை வளைச்சுக் கொண்டுபோகும். 1000 துடிப்பில 150 கிலோமீற்றருக்கு அப்பால இருந்து வாற எதிரொலி அடுத்த துடிப்பின்ர கணக்கில விழும். 190இல உள்ளது 40இல நிக்கும். இடைவெளியை மாத்துங்கோ, பொய் எதிரொலி இடம் மாறும், உண்மையானது அசையாது.