சொந்தக் கணினி இல்லாமல் படித்தவர்கள், மறக்க முடியாத ஒன்றைச் சொல்லுங்கள்

நிலாமுற்றம்:
முதல் இரண்டு ஆண்டும் நூலகக் கணினிதான். ஒருவருக்கு ஒரு மணி நேரம். திரை மூலையில் நிமிடம் குறைந்துகொண்டே வரும். அன்று ஆய்வேட்டின் கடைசிப் பத்தியை அடித்துக்கொண்டிருந்தேன், டெஸ்க்டாப்பில் சேமித்தும் இருந்தேன். நேரம் முடிந்ததும் தானாக ரீஸ்டார்ட் ஆனது. திரும்பத் திறந்தால் சுவர்ப்படமும் குப்பைத்தொட்டியும் மட்டும். ரீஸ்டார்ட் ஆனாலே பழைய நிலைக்குத் திரும்பும்படி அமைத்திருந்தார்களாம். பதினொரு பக்கம் போச்சு. வரிசையில் எனக்கு அடுத்து நின்ற பெண் ஒரு வார்த்தை கேட்கவில்லை, தன் முறையை எனக்கே விட்டுக்கொடுத்தார். நான் நன்றிகூடச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கல்தூண்:
கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் போயிருக்காதே. என் கதை வேறு. பழைய லேப்டாப், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டிருந்தேன், ஒரு குறையும் இல்லை. ஆன்லைன் தேர்வு தொடங்க இருபது நிமிடம் இருக்கும்போதுதான் தெரிந்தது, அவர்கள் சொன்ன தேர்வு பிரவுசர் விண்டோஸிலும் மேக்கிலும் மட்டுமே ஓடும் என்று. பக்கத்து அறை நண்பன் தன் லேப்டாப்பை நீட்டினான். அவனுக்கு மறுநாள் தேர்வு. மூன்று மணி நேரமும் கையெழுத்து நோட்ஸை வைத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தான். கதவு இடுக்கில் அவன் கால் மட்டும் தெரிந்தது.

நிலாமுற்றம்:
துறையில் கொடுத்த வேர்ட் டெம்ப்ளேட்டில்தான் எழுத வேண்டும் என்றார்கள். டாக்ஸில் திறந்தால் அடிக்குறிப்பெல்லாம் இடம் மாறிவிடும். முயன்று பார்க்காமலா இருந்திருப்பேன்?

மின்கம்பி:
நூலகம் மூடிய பிறகு வெளிப்படியில் உட்கார்ந்து வைஃபை பிடிப்பேன். ஒரு இரவு சாரல் அடித்தது. காவலாளி அண்ணன் குடையோடு வந்து லேப்டாப்புக்கு மேலே பிடித்தார். அப்லோடு முடியும்வரை நனைந்துகொண்டே நின்றார்.

சரி, இனி வாங்கப் போகிறவர்களுக்கு. அலுவலகங்கள் கழித்துவிடும் லேப்டாப்களைத் தேடுங்கள், கட்டமைப்பு உறுதியாக இருக்கும். உள்ளே இருப்பது ஹார்ட் டிஸ்க் என்றால், அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (அதைவிட வேகமான சேமிப்பகம்) போடுங்கள், அதே கணினி வேறு கணினி ஆகிவிடும். ராம் (நினைவகம்) கழற்றி மாற்றக்கூடியதா, போர்டோடு பற்றவைத்ததா என்று மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வசதி வேண்டும், இன்டெல் பிராசஸரில் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவை பெரும்பாலும் தேறாது. டேட்டா குறைவு என்றால் பாட வீடியோவை 480p தரத்தில் பாருங்கள், அல்லது வளாகத்திலேயே இறக்கிக்கொண்டு போங்கள். எடுரோம் (பல்கலைக்கழகங்களுக்குப் பொதுவான வைஃபை) இருக்கும் இடமென்றால், உங்கள் பல்கலைக்கழகக் கணக்கிலேயே வேறு பல்கலைக்கழகத்திலும் இணையலாம்.

கல்தூண்:
இதற்கெல்லாம் முன்னால், தேர்வு எந்த மென்பொருளில் என்று துறையில் கேட்டுவிட்டு வாங்கச் சொல்லுங்கள். நான் அதைக் கேட்காமல்தான் மாட்டினேன்.

ஆறாம்படி:
நான் பட்டம் முடிக்கும்வரை போனில்தான் எழுதினேன். "எல்லோரும் லேப்டாப்பைத் திறங்கள்" என்று பேராசிரியர் சொன்னபோது, பக்கத்தில் இருந்தவள் தன் திரையைப் பாதி என் பக்கம் திருப்பினாள். அதன்பின் தினமும் நான் வருவதற்கு முன்பே திருப்பி வைத்திருப்பாள்.

நிலாமுற்றம், அந்தப் பெண்ணும் ஏதோ முடிக்கத்தானே வரிசையில் நின்றிருப்பார்?

நிலாமுற்றம்:
ஆமாம். கையில் பென்டிரைவ் வைத்திருந்தார்.