சனிக்கிழமை மாலை அறிக்கை: பவர் குவெரி (எக்செலில் தரவை இணைத்துச் சீராக்கும் வசதி) தெரிந்தவர்கள் உதவ வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு நிறுவனத்தில் தரவுப் பகுப்பாய்வாளராகச் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. சனிக்கிழமைதோறும் 14 கிளைகளின் எக்செல் கோப்புகளை ஒன்றாக்கி அறிக்கை தருவது என் பொறுப்பு. ஒரு கிளை 03/04 என்று எழுதுவது, கணினியின் தேதி அமைப்பைப் பொறுத்து ஏப்ரல் 3 ஆகவோ மார்ச் 4 ஆகவோ மாறிவிடுவதாலும், 'தென்காசி' என்ற பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் ஓர் இடைவெளியால் ஒரே ஊர், தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் அட்டவணையில் இரண்டு ஊர்களாக நிற்பதாலும், ஐந்து மணிக்கு முடிய வேண்டிய வேலை எட்டு மணி வரை இழுத்துக்கொண்டு போகிறது.

கல்லூரி நண்பர்கள் ஆறு மணிக்கே குறுக்குத்துறைப் படித்துறையில் கூடிவிடுவார்கள். சென்ற வாரம் நான் போனபோது ஒருவன் மட்டும் காத்திருந்தான். எனக்கென்று வாங்கிய அல்வாவின் நெய் தாள் முழுவதும் ஊறியிருந்தது. அவன் கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை.

பவர் குவெரியில் கோப்புறையைக் கொடுத்து இணைத்துப் பார்த்தேன். ஒரு கிளையில் 'தொகை' என்ற தலைப்பை 'மொத்தத் தொகை' என்று மாற்றியதும் பிழை காட்டி நின்றுவிட்டது. தலைப்புகள் மாறினாலும் நிற்காதபடி அதை அமைப்பது எப்படி? எல்லாக் கிளைகளும் ஒரே படிவத்தில் அனுப்ப வேண்டும் என்று, என் தந்தை வயதுள்ள கிளை மேலாளர்களிடம் மரியாதை குறையாமல் எப்படிக் கேட்பது என்பதையும் அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.