‘பிளாக் லெவல்’: கருமட்டமா, கசிவொளியா, எஞ்சொளியா?

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம்.

நம் குழுவில் வீட்டுத் திரைக் கருவிகளுக்குத் தேடுகிற தமிழ்ச் சொற்களில் ‘பிளாக் லெவல்’, அதாவது கறுப்பாக இருக்க வேண்டிய இடத்திலும் விழுகிற வெளிச்சத்தின் அளவு, மட்டும் இன்னும் முடிவாகாமல் நிற்கிறது. சென்னை ஐயா ‘கருமட்டம்’ என்றார், மட்டக்களப்பு அக்கா ‘கசிவொளி’ என்றார். இரண்டு சொல்லையும் வீட்டில் புரொஜெக்டருக்கு முன்னால் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். போன வருடம் ஒரு டிஎல்பி (நுண்கண்ணாடிகளால் படம் காட்டுகிற வகை) புரொஜெக்டர் வாங்கினேன். முன் அறையின் வெள்ளைச் சுவரில் நூறு அங்குலப் படம். பகல் காட்சிகள் அருமை. இரவுக் காட்சி ஒன்று வந்தபோது அம்மா கேட்டார்: “ஏன் தம்பி, இருட்டெல்லாம் சாம்பல் பூசின மாதிரிக் கிடக்கு?” கடையில் யாரும் எனக்குச் சொல்லாத விசயத்தை அம்மா ஒரே பார்வையில் பிடித்துவிட்டார். தொண்ணூறுகளின் முதற்பாதியில் மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் வாழ்ந்தவர் அவர். ஜாம் போத்தல் விளக்கை ஊதி அணைத்ததும் வருகிற இருட்டைப் பார்த்த கண்ணுக்குச் சாம்பலைக் கறுப்பென்று காட்டி ஏமாற்ற முடியாது.

அந்தச் சாம்பல் எங்கிருந்து வருகிறது? புரொஜெக்டரால் கறுப்பை எறிய முடியாது. அது ஒளியை மட்டும்தான் எறியும். கறுப்பு வேண்டிய இடத்தில் ஒளியை விலக்கத்தான் அதற்குத் தெரியும். டிஎல்பியில் இந்த வேலையைச் செய்வது டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் லாரி ஹோர்ன்பெக் 1987 இல் உருவாக்கிய கண்ணாடிச் சில்லு. 1920 × 1080 சில்லில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட நுண்கண்ணாடிகள் இருக்கின்றன. வெள்ளை வேண்டுமென்றால் வில்லையின் (லென்ஸின்) பக்கம் கண்ணாடி சாய்கிறது. கறுப்பு வேண்டுமென்றால் மறுபக்கம் சாய்ந்து, ஒளியை உள்ளே ஓர் ஓரத்தில் கொட்டிவிடுகிறது. ஆனால் கண்ணாடிகளின் விளிம்பிலும் இடைவெளியிலும் பட்டுச் சிதறும் ஒளி கொஞ்சம் எப்படியும் வில்லைக்குள் போய்ச் சேர்ந்துவிடும். எல்சிடி என்கிற மற்ற வகைப் புரொஜெக்டரில் இந்தக் கண்ணாடிகள் இல்லை, தடுக்கிற தகடு இருக்கிறது. அதுவும் முழுதாகத் தடுப்பதில்லை.

எவ்வளவு ஒளி என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கருவியிலிருந்து 2000 லூமன் ஒளி உண்மையாகவே வெளியே வருகிறது, கொன்ட்ராஸ்ட் (வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள ஒளி விகிதம்) 1000:1 என்று வைத்துக்கொள்வோம். நூறு அங்குல அகலத்திரைப் படத்தின் பரப்பு ஏறத்தாழ 2.76 சதுர மீற்றர். வெள்ளை விழும்போது சுவரில் சுமார் 725 லக்ஸ் (ஒரு சதுர மீற்றரில் விழும் லூமன்தான் லக்ஸ்). கறுப்பு விழும்போது அதில் ஆயிரத்தில் ஒன்று, கிட்டத்தட்ட 0.7 லக்ஸ். பௌர்ணமி நிலவு உச்சியில் நின்று முற்றத்தில் பொழிகிற வெளிச்சமே கால் லக்ஸ் அளவுதான்! கறுப்பு என்று கருவி சொல்கிற இடத்தில், போயா இரவின் முற்றத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேலான வெளிச்சம் விழுந்துகொண்டிருக்கிறது. இந்தக் கணக்கைப் போட்ட அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

இனிச் சொல்லுக்கு வருவோம்.

> கருமட்டம்: நீர்மட்டம் போல எளிதாக விளங்கும்.

ஐயா, நீங்கள் எழுதிய இந்த ஒப்புமைதான் எனக்கு இடிக்கிறது. கிணற்றில் நீர்மட்டம் உயர்ந்தால் நீர் கூடுகிறது. அப்படியென்றால் கருமட்டம் உயர்ந்தால் கருமை கூட வேண்டும். இங்கே நடப்பது நேர்மாறு. ஆங்கிலக்காரர் இந்த அளவு ‘குறைவு’ என்றால் படம் நல்லது என்று பொருள். தமிழில் “இந்தப் புரொஜெக்டரில் கருமட்டம் குறைவு” என்று சொன்னால், கேட்பவர் கறுப்பு போதாது என்றே எடுத்துக்கொள்வார். காசு கொடுத்து வாங்கப்போகிறவரைத் தலைகீழாக நடத்துகிற சொல் நமக்கு வேண்டாம். மூலத்தில் ‘கறுப்பு’ இருக்கிறது என்பதற்காகத் தமிழிலும் அதைக் கட்டி இழுக்க வேண்டியதில்லை. அளக்கிற பொருள் ஒளி. அதற்கு அலகும் லக்ஸ்தான்.

அந்த வகையில் அக்காவின் ‘கசிவொளி’ ஒரு படி முன்னே நிற்கிறது. ஒளி என்று நேராகவே சொல்கிறது. முதலில் நானும் அதற்குத்தான் கை தூக்கினேன். இரண்டு காரணங்களால் பின்வாங்குகிறேன். ஒன்று, கசிவு என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது, அடைத்தால் நிற்கும் என்று தோன்றும். இது பழுதல்ல, கருவியின் இயல்பு. தரமான கருவியில் குறையும், ஒழியாது. மற்றது, யன்னல் இடுக்கால் வருகிற தெரு லைற் வெளிச்சத்தையும் மக்கள் கசிவு என்றுதான் சொல்வார்கள். இரண்டும் குழம்பினால் யன்னலுக்குத் திரைச்சீலை போட்டுவிட்டு, கறுப்பு ஏன் இன்னும் திருந்தவில்லை என்று ஆள் யோசித்துக்கொண்டிருப்பார்.

நான் முன்வைப்பது ‘எஞ்சொளி’. கருவி விலக்கக்கூடிய ஒளியையெல்லாம் விலக்கிய பிறகும் எஞ்சி நிற்கிற ஒளி. எஞ்சு + ஒளி, ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. எஞ்சிய ஒளி, எஞ்சுகின்ற ஒளி, எஞ்சும் ஒளி என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும். ‘எச்சவொளி’ என்றும் யோசித்தேன். ஆனால் எங்கள் ஊரில் எச்சம் என்றால் காகம்தான் நினைவுக்கு வரும். ‘மிஞ்சொளி’ பேச்சுக்கு இன்னும் கிட்ட இருக்கிறது, மிஞ்சின சோறு என்றுதானே வீட்டில் சொல்கிறோம். ஆனால் மிஞ்சுதலுக்கு அளவு கடத்தல் என்ற பொருளும் உண்டு. ஆகவே எஞ்சொளி.

இந்தச் சொல்லுக்கு வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு வரையறையும் கிடைத்தது. இரவில் லைற்றை அணைத்து, முழுக் கறுப்புப் படம் ஒன்றை ஓட விடுங்கள். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் பொறுத்து, வில்லையை மூடியால் மூடுங்கள். மூடியதும் சுவரிலிருந்து எது மறைகிறதோ அது எஞ்சொளி. மூடிய பிறகும் எது கிடக்கிறதோ அது அறைவெளிச்சம். அம்மாவுக்கு இதைச் செய்து காட்டினேன், விளக்கமே தேவைப்படவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. படத்தின் வெள்ளைப் பகுதியிலிருந்து புறப்பட்ட ஒளி எதிர்ச் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்பி வந்து கறுப்பின் மேல் விழும். நம் சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவர்களில் இது மோசம். கறுப்பும் வெள்ளையுமாகப் பதினாறு கட்டங்களைக் காட்டி அளக்கிற அன்சி (ANSI) கொன்ட்ராஸ்ட் எண் சரிகிறது என்றால், கருவியோடு அறைக்கும் அதில் பங்குண்டு. இதற்கு ‘மீளொளி’ போதும் என்று நினைக்கிறேன், இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

அப்புறம், பெட்டியில் போடுகிற பெரிய கொன்ட்ராஸ்ட் எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலும் அவை ஒரே வேளையில் எடுத்தவை அல்ல. முழுக் கறுப்பு வரும்போது விளக்கைத் தணித்துவிட்டு அளந்த கறுப்பையும், விளக்கு முழுதாக எரியும்போது அளந்த வெள்ளையையும் வகுத்து எழுதுகிறார்கள். நிலாக் காட்சியில் நிலாவும் இருட்டும் ஒரே சுவரில் ஒரே நேரத்தில் நிற்க வேண்டுமே, அங்கே அந்த எண் உதவாது. “விளக்கைத் தணிக்காமல் எஞ்சொளி எவ்வளவு?” என்று கடையில் கேட்கத் தமிழில் ஒரு வாக்கியம் இருந்தால், என்னைப் போல வாங்கிய பிறகு கணக்குப் பார்க்க வேண்டி வராது.

அக்கா, ‘கசிவொளி’யை விட்டுவிட எனக்கு மனமில்லை. மலிவான புரொஜெக்டர்களில் காற்றுத் துவாரத்தாலும் வில்லையின் ஓரத்தாலும் வெளிச்சம் வெளியேறி, பக்கச் சுவரில் கோடு கோடாக விழுமே, அதற்கு இன்னும் பெயர் இல்லை. அது உண்மையான கசிவு, கறுப்புத் துணியால் மறைத்தால் நிற்கும். உங்கள் சொல்லை அங்கே வைக்கச் சம்மதமா?