தண்ணீர் பாட்டில் மூடி (ஸ்பீட்வே பார்த்தவர்கள் சொல்லுங்கள்)

நைட்ஷிஃப்ட்

ரொம்ப நாளாக மனசில் கிடக்கிறது, கொட்டிவிடுகிறேன். 2021 ஆகஸ்ட், இங்கிலாந்தில் பீட்டர்பரோ ஷோகிரவுண்ட், ஸ்பீட்வே, அதாவது மண் தடத்தில் பைக் பந்தயம். கூட வேலை பார்த்த நம்மூர்ப் பையனும் நானும். அந்த ஊர் அணியான பாந்தர்ஸ், அந்த வருஷத்து ஆட்கள் ஞாபகம் இருக்கும்: ஸ்காட் நிக்கல்ஸ், ஹான்ஸ் ஆண்டர்சன், பியார்ன பெடர்சன், கிறிஸ் ஹாரிஸ். முக்கால்வாசிப் பேர் நாற்பதை ஒட்டியவர்கள் அல்லது தாண்டியவர்கள். கொரோனாவால் சீசன் மே மாதம்தான் தொடங்கியது. கிழட்டுப் பட்டாளம், கடைசி இடம்தான் என்று ஊரே சொன்னது. ஆகஸ்டில் பார்த்தால் இவர்களை யாராலும் அசைக்க முடியவில்லை.

எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. உள்ளே நுழைந்ததும் விளக்கெண்ணெய் வாசனை. பாட்டி மூக்கைப் பிடித்து வாயில் ஊற்றுவாளே, அதே வாசனை. எஞ்சினுக்கு ஆமணக்கு எண்ணெய் என்று பிறகுதான் சொன்னார்கள். ஒரு ஹீட்டில் (நாலு பேர் ஓடும் ஒரு குட்டிப் பந்தயம்) கொஞ்சம் வயதானவர் ஒருவர் இரண்டாவது வளைவில் விழுந்து உருண்டார். "பெருசுக்குப் பேரனைக் கொஞ்சுற வயசு, இது தேவையா?" என்று தமிழில் சத்தமாகவே சொல்லிச் சிரித்தேன். யாருக்குப் புரியப்போகிறது?

அவர் எழுந்து, வண்டியை நிமிர்த்தி, அடுத்து தன் முறை வந்தபோது முதலில் வந்து மூன்று புள்ளி எடுத்தார். எந்த அணி என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். ஆட்டம் முடிந்து ரசிகர்களைப் பிட்டுக்குள் (வண்டிகளை வைத்திருக்கும் இடம்) விட்டார்கள். அவர் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். கண்ணைச் சுற்றிக் கண்ணாடி இருந்த இடம் மட்டும் வெள்ளை, மற்றதெல்லாம் மண். என்னைப் பார்த்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். விரல் மடங்கவில்லை, மூடியைத் திறந்து தர முடியுமா என்றார். அந்தக் கை நடுங்கிய நடுக்கம் இருக்கிறதே, இப்போதும் நைட் ஷிஃப்டில் ஃபிளாஸ்க் மூடியைத் திருகும்போதெல்லாம் வருகிறது.

மூணாவது_கேட்

ஸ்விண்டன் அணி ரசிகன் பேசுகிறேன். பாந்தர்ஸ் ஜெயித்தது அனுபவத்தால் மட்டும் இல்லை. ஷோகிரவுண்ட் பெரிய தடம், வேகத் தடம். எந்த வளைவில் எவ்வளவு வெளியே போகலாம் என்று அவர்களுக்கு அத்துப்படி. வெளியூரில் போய் ஜெயித்ததைப் பேசுங்கள், கேட்கிறேன். (இறுதியில் மான்செஸ்டரின் பெல் வியூ அணியைச் சாய்த்துக் கோப்பை எடுத்தார்கள், அதை மறுக்கவில்லை.)

எங்கள் கதை வேறு. 2019இல் இறுதியில் இப்ஸ்விச்சை ஜெயித்து சாம்பியன். ஜேசன் டாய்ல் எங்கள் ஆள். அடுத்த வருஷம் கொரோனா, சீசனே இல்லை. அதன்பிறகு எங்கள் தடமான பிளன்ஸ்டனில் ஸ்பீட்வே நடக்கவே இல்லை. சாம்பியனாகக் கதவைச் சாத்திய அணி! எனக்கு உறுத்துவது சின்ன விஷயம். எங்களுக்கு ஆள் குறைந்த ஒரு நாள், வேறு அணிக்காரர் ஒருவரை இரவலாக இறக்கினார்கள். அதே ஆள் அதற்கு முந்தின வாரம் எங்களை மண்ணைக் கவ்வ வைத்தவர். பக்கத்தில் என் மகள், ஆறு வயது, "அப்பா, இன்னைக்கு இவருக்குக் கை தட்டலாமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் தட்டினாள்.

ஓடர்கரை

போலந்து. இங்கே ஸ்பீட்வே என்றால் யாருக்கும் தெரியாது, ஜூஜெல் என்று சொல்ல வேண்டும். ஊர் வ்ரோட்ஸ்வாஃப், அணி ஸ்பார்டா. 2021 லீக் சாம்பியன். அந்த வருஷ உலக சாம்பியன், ரஷ்யரான ஆர்த்யோம் லகுத்தாவும் எங்கள் அணி. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியது, ரஷ்ய வீரர்களுக்குத் தடை. லகுத்தா இல்லாமல் சீசன். மாசெய் யானோவ்ஸ்கி, டாய் வொஃபிண்டன், டேன் பியூலி எல்லாம் இருந்தும் இறுதிக்கே வரவில்லை. லூப்ளின் அணி கோப்பையைத் தூக்கியது.

ஒரு ஞாயிறு, நல்ல வெயில், எல்லாரும் டீஷர்ட்டில். எனக்கு முன் வரிசையில் ஒருவர் மட்டும் ஜாக்கெட்டைக் கழுத்துவரை ஜிப் போட்டுக்கொண்டு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். பத்தாவது ஹீட்டில் ஜெயித்த குஷியில் கையைத் தூக்கிக் குதித்தார். ஜாக்கெட் மேலே ஏறியது, அடியில் சட்டையில் லகுத்தாவின் பெயரில் பாதி. சட்டென்று இழுத்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தார். இரண்டு இருக்கை தள்ளி உக்ரைன் கொடி குத்திய ஒரு அம்மா. அவர் பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. 2023இல் லகுத்தா போலந்து உரிமத்தில் திரும்பி வந்தார், இறுதியிலும் ஆடினோம், கோப்பை மறுபடி லூப்ளினுக்கே. அந்த ஜாக்கெட்காரரை மட்டும் அப்புறம் பார்க்கவில்லை.

பழைய_புல்லட்

தம்பிகளா, பிரேக் இல்லாத வண்டியில் நாலு பேர் நாலு சுற்று, ஒரு நிமிஷத்தில் முடிந்துபோகிறது. இது பந்தயமா? சோழவரம் பந்தயம் பார்த்தீர்களா? போர்க்காலத்து விமான ஓடுதளம், தலையில் ஈரத் துண்டு, காலை முதல் சாயங்காலம் வரை நிற்போம். பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போன பிறகு அந்த ருசி இல்லை.

மூணாவது_கேட்

ஐயா, பிரேக் இல்லாததுதான் பாதுகாப்பு. முன்னால் போகிறவர் திடீரென்று மிதித்தால் பின்னால் வருகிற மூன்று பேரும் அவர் முதுகில். வண்டியைக் குறுக்கே சாய்த்து, இடது காலில் இரும்புக் காலணியை மண்ணில் ஊன்றித்தான் வளைகிறார்கள். ஒரு தடவை வந்து பாருங்கள்.

பேனா_மறக்காதே

புதிதாகப் போகிறவர்கள் யாராவது படிப்பீர்கள் என்று சொல்கிறேன். முதல் வளைவின் வெளிப்பக்கம் நிற்காதீர்கள், ஷேல் மண் மழை மாதிரி வந்து விழும். வெள்ளைச் சட்டை வேண்டாம். அப்படியே போய்விட்டால் ஈரத்தோடு தேய்க்காமல் காயவிட்டு உதறுங்கள். குழந்தைக்குக் காதுக்கவசம் கட்டாயம். நிகழ்ச்சி நிரல் புத்தகத்தை வாங்கி ஒவ்வொரு ஹீட்டுக்கும் புள்ளியை நீங்களே எழுதுங்கள்: மூன்று, இரண்டு, ஒன்று, சைபர். பதினைந்து ஹீட். எழுதாவிட்டால் எட்டாவது ஹீட்டில் யார் எங்கே என்று தொலைந்துபோவீர்கள். சொந்த அணிக்குச் சிவப்பு, நீல ஹெல்மெட். வந்த அணிக்கு வெள்ளை, மஞ்சள். பேனா இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார். மழை பெய்தால் கிளம்பும் முன் ஆட்டம் உண்டா என்று பார்த்துவிடுங்கள். சாப்பாட்டைத் திறந்து வைக்காதீர்கள், எங்கள் எலுமிச்சைச் சாதம் ஒரு தடவை செம்மண் சாதம் ஆனது. என் அனுபவம் அவ்வளவுதான். ஆமாம் நைட்ஷிஃப்ட், மூடியைத் திறந்து கொடுத்தீர்களா இல்லையா?

நைட்ஷிஃப்ட்

மூணாவது_கேட், நீங்கள் சொல்லும் அந்தப் பெரிய தடமும் 2023 சீசனோடு போய்விட்டது. 1970இலிருந்து ஓடிய இடம். அதே வருஷம் வுல்வர்ஹாம்ப்டன் தடத்தையும் மூடிவிட்டார்கள். அதனால் தடத்தைப் பற்றி இனி சண்டை வேண்டாம்.

மூடி. முதல் தடவை எனக்கும் திறக்கவில்லை, என் கையிலும் ஈர மண். சட்டையில் துடைத்துவிட்டுத் திருகிக் கொடுத்தேன். வாங்கி ஒரே மூச்சில் பாதி குடித்தார். மீதியை என்னிடம் நீட்டினார்.

பழைய_புல்லட்

குடித்தாயா?

நைட்ஷிஃப்ட்

குடித்தேன் ஐயா. தண்ணீரும் விளக்கெண்ணெய் வாசனைதான்.