புதுப்பிப்பு: சால்மோனெல்லா வந்த குதிரை

காய்ச்சலும் கழிச்சலுமாகக் கிடந்த எங்கள் பெண் குதிரைக்கு, மனிதருக்கும் தொற்றக்கூடிய சால்மோனெல்லா என்ற குடல் கிருமி உறுதியானதைச் சொல்லி, சவாரி பழக வரும் பிள்ளைகளை லாயத்துக்குள் விடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். இன்னும் விடவில்லை. கழிச்சல் நின்றுவிட்டது, புல் நன்றாகத் தின்கிறாள். ஆனால் கிருமி லத்தியில் விட்டு விட்டுத்தான் வெளியேறும். அதனால் வெவ்வேறு நாள்களில் எடுக்கும் 5 மாதிரிகளும் சுத்தமாக வரட்டும் என்கிறார் மருத்துவர்.

பெரிய வேலை கழுவுவதுதான். லத்தி ஒட்டிய தரையில் பிளீச் ஊற்றினால் பிளீச்தான் வீண். சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்து, அலசி, காயவிட்டு, அப்புறம்தான் 1 பங்கு பிளீச்சுக்கு 10 பங்கு தண்ணீர். பைப்பை வேகமாகப் பீய்ச்சக் கூடாது, சாரலோடு கிருமியும் பறக்கும்.

அவளுக்குத் தனி வாளி, தனி மண்வாரி, வாசலில் தனி ரப்பர் பூட்ஸ். மற்ற குதிரைகளைப் பார்த்துவிட்டுக் கடைசியாகத்தான் அவளிடம் போகிறோம். சிலர் சொன்ன சானிடைசர் அழுக்குக் கையில் சரியாக வேலை செய்யாது; சோப்புதான். லாயப் பையன் டீ கிளாஸோடு உள்ளே வருவதைத் தடுப்பதுதான் பெரும்பாடு!

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்டவருக்கு: 2004இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் குதிரை, மாடு போன்ற பெரிய விலங்குகளுக்கான மருத்துவமனையையே இந்தக் கிருமியால் மூட வேண்டியதாயிற்று.

அடுத்த மாதிரி வெள்ளிக்கிழமை போகிறது.